டயரைப் பார்த்தது போதும், கொஞ்சம் குனிந்து ஆக்ஸில் ஹவுசிங்கையும் பாருங்கள்



நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கமெண்ட் போடுகிறவர்களை வகுப்பில் எப்படி நடத்துவேன் என்று உங்களுக்கே தெரியும்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரு சண்டை. என் தங்கை மகன் பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று வாங்கியிருக்கிறான். சந்தோஷம். அதை "ஆஃப்-ரோடு" வண்டியாக்க ஒரு கடையில் எழுதி வாங்கிய பட்டியலைக் குழுவில் போட்டான். 31 அங்குல டயர், வீல் ஸ்பேசர், லிஃப்ட் கிட், எல்.இ.டி. விளக்குப் பட்டை, ஸ்னார்க்கெல், விஞ்ச், ஸ்டிக்கர். மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல். வரி வரியாகப் படித்தேன். இத்தனையையும் தாங்கப் போகிற முன் ஆக்ஸில் ஹவுசிங்குக்கு அந்தப் பட்டியலில் ஒரு ரூபாய்கூட இல்லை.

கேட்டேன். "பெரியம்மா, அதெல்லாம் கம்பெனிக்காரன் யோசிச்சுதான் போட்டிருப்பான்" என்றான். சித்தப்பா முறையில் ஒருவர், "இந்த வேலையே வேண்டாம், எல்லாமே சட்டவிரோதம்" என்றார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர், இன்று பெரிய கம்பெனியில் இருப்பவர், "டீச்சர், ஒரு ட்ரஸ் வெல்டு பண்ணிட்டா டேங்க் மாதிரி ஆயிடும், அவ்வளவுதான்" என்று எழுதினார்.

மூன்றுமே தவறு. ஏன் தவறு என்பதுதான் இந்தப் பதிவு.

"டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். என் அப்பா அரசுத் துறையில் ஜீப் டிரைவர். வில்லிஸ் காலத்து ஜீப்பின் அடியில் அவர் படுத்திருக்க, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் நான். அதற்குப் பிறகு 34 வருடம் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் நடத்தினேன். நெம்புகோல் பாடம் நடத்தத் தெரிந்தவளுக்கு ஆக்ஸிலைப் பற்றிப் பேச உரிமை உண்டு. ஆக்ஸில் என்பதே நெம்புகோல் கணக்குதான்.

முதலில் யாருக்கு இந்தப் பதிவு என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் தார் வைத்திருக்கிறீர்கள். 2020இல் வந்த புதிய தாரில் முன்பக்கம் ஒரே கட்டையான ஆக்ஸில் கிடையாது. இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற அமைப்பு. பின்பக்கம் மட்டும்தான் கட்டை ஆக்ஸில். முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில் உள்ளவை பழைய மகிந்திரா ஜீப்புகள், 1985இல் வந்த ஜிப்ஸி, 2023இல் இங்கே வந்த ஜிம்னி போன்றவை. புதிய தாருக்கு "முன் ஆக்ஸில் ட்ரஸ்" போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கட்டை ஆக்ஸில் என்றால் என்ன? இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே உத்தரம். நடுவில் பானை போல் ஒரு வீக்கம். அதற்குள் கிரவுன், பினியன். இரண்டு பக்கமும் குழாய். குழாய்க்குள் சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட். இந்த வெளிக்கூடுதான் ஹவுசிங். ஷாஃப்ட்டின் வேலை சுற்றுவது. வண்டியின் எடையைச் சுமப்பது ஹவுசிங்கின் வேலை. முன் ஆக்ஸிலில் இன்னொரு வேலையும் உண்டு: சக்கரம் திரும்ப வேண்டும். அதனால் ஜிப்ஸியிலும் ஜிம்னியிலும் பழைய ஜீப்பிலும் குழாயின் முனையில் பந்து போன்ற ஓர் உருண்டை இருக்கும். அதைச் சுற்றிக் கிங் பின்னில் சக்கரம் திரும்பும். இந்த உருண்டை குழாயோடு சேருகிற இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கே வருவோம்.

இப்போது கணக்கு. வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாக ஹவுசிங்கின் மேல் இறங்குகிறது. தரை, சக்கரத்தின் வழியாக அதை மேலே தள்ளுகிறது. ஸ்பிரிங் உட்காரும் இடமும் டயரின் நடுவும் ஒன்றல்ல. இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம்தான் நெம்புகோலின் கை. ஒரு சக்கரத்தில் 300 கிலோ, கை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 300 × 25 = 7,500. வண்டி "அகலமாக, கெத்தாக" தெரிய 5 செ.மீ. ஸ்பேசர் போடுகிறீர்கள். கை 30 ஆகிறது. 300 × 30 = 9,000. வண்டியில் ஒரு கிலோ கூடவில்லை. ஆனால் ஹவுசிங்கை வளைக்கிற விசைத்திருப்பம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே இவ்வளவு.

ஓடும்போது? மெதுவாக இறக்கி வைத்த எடையைப் போல் இரண்டு மடங்கு அழுத்தத்தைத் திடீரென்று விடப்பட்ட அதே எடை தரும். உயரத்திலிருந்து விழுந்தால் அதைவிட அதிகம். ஸ்பிரிங் இருக்கிறதே என்பீர்கள். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிக் கட்டையில் இடிக்கும் வரைதான் அது காப்பாற்றும். அதற்குப் பிறகு அடி நேரே ஹவுசிங்குக்கு. வேகமோ இன்னும் மோசம். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு.

டயருக்கு வருவோம். ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர் 15. கணக்குப் போட்டால் விட்டம் 693 மி.மீ., சுமார் 27 அங்குலம். 31 அங்குலம் என்றால் 787 மி.மீ. ஆரம் 47 மி.மீ. கூடுகிறது. சக்கரம் பாறையில் பக்கவாட்டில் இடித்தால் அந்த அடி கிங் பின்னையும் உருண்டையையும் முறுக்குகிற கை இந்த ஆரம்தான். ஏறத்தாழ 14 சதவீதம் நீண்டுவிட்டது. டயரின் எடையும் கூடிவிட்டது. அந்தக் கூடுதல் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, அதாவது ஒவ்வொரு பள்ளத்திலும் ஹவுசிங்கின் முனையைப் பிடித்து ஆட்டுகிறது.

"கம்பெனிக்காரன் யோசித்துத்தான் போட்டிருப்பான்" என்கிறவருக்கு இதுதான் பதில். ஆமாம், யோசித்தான். அவன் போட்ட டயருக்கு, அவன் குறித்த எடைக்கு யோசித்தான். நீ மாற்றிய கணக்குக்கு அவன் எப்படி விடை எழுதுவான்? கம்பெனிக்காரனே டயரைப் பெரிதாக்கும்போது என்ன செய்தான் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஜீப் ராங்லரின் ரூபிக்கான் வகை 2003 மாடலாக வந்தது. கடினமான பாறை வழிகளுக்கென்றே செய்தது. சாதாரண ராங்லரில் இருந்த டானா 30 முன் ஆக்ஸிலை அதில் வைக்கவில்லை. அதைவிடப் பருமனான டானா 44ஐ வைத்தார்கள். பெரிய டயரும் பெரிய ஆக்ஸிலும் ஒரே பட்டியலில் வந்தன. நம் கடைப் பட்டியலில் டயர் மட்டும் வருகிறது.

நம்மவர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், மயிலிறகைக்கூட அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். அந்தக் குறளை உங்களில் எத்தனை பேர் என் மேசை முன் நின்று ஒப்பித்திருக்கிறீர்கள்! ஒப்பித்தது மார்க்குக்கு மட்டும்தானா?

அடுத்து, "ட்ரஸ் வெல்டு பண்ணினால் டேங்க்" என்கிறவருக்கு.

ட்ரஸ் என்பது ஹவுசிங்கின் மேல் நீளவாட்டில் நிறுத்தி வைத்து வெல்டு செய்கிற தகட்டுப் பாலம். அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் வகுப்பில் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். மர அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் வளைகிறது. அதையே விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி வளைத்தால் வளைய மறுக்கிறது. கோல் 3 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் என்றால் நிறுத்திப் பிடிக்கும்போது விறைப்பு 100 மடங்கு. மரம் அதே மரம்தான், உயரம்தான் மாறியது. அதனால்தான் ஹவுசிங் குழாய்க்குத் தடிமன் கூட்டுவதைவிட உயரம் கூட்டுவது லாபம். குழாயின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும். அதே தடிமனில் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ எட்டு மடங்கு. மூங்கில் ஏன் உள்ளே காலியாக இருந்தும் சாரம் கட்டப் பயன்படுகிறது என்பதற்கும் இதே காரணம்தான்.

சரி, ட்ரஸ் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் பலப்படுத்துவது என்றால் பலவீனம் அழிந்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். அது இடம் மாறுகிறது. நடுக்குழாயை வளையாமல் செய்துவிட்டீர்கள். அடி எங்கே போகும்? அடுத்த பலவீனமான இடத்துக்கு. அது நான் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன இடம், உருண்டை குழாயோடு சேருகிற வெல்டு. அங்கே முக்கோணத் தகடு, மெக்கானிக்குகள் சொல்கிற கஸெட் பிளேட், போடாமல் நடுவில் மட்டும் ட்ரஸ் போட்டால், முன்பு மெதுவாக வளைந்து எச்சரிக்கை கொடுத்த ஹவுசிங் இப்போது முனையில் விரிசல் விடலாம்.

வளைவதும் முறிவதும் ஒன்றல்ல. குழாய் வளைந்தால் டயர் தேயும், ஆயில் கசியும். வீடு வந்து சேரலாம். உள்ளே ஷாஃப்ட் உடைந்தால்கூடப் பின்சக்கரத்தை வைத்து மெதுவாக ஊர் வந்து சேரலாம். உருண்டை குழாயிலிருந்து பிய்ந்தால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. இந்த விரிசல் காட்டுவழியில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வரும்போது முடியலாம். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எது முதலில் உடைய வேண்டும், எது கடைசி வரை உடையவே கூடாது என்று முடிவு செய்யாமல் வெல்டிங் மெஷினைப் போடாதீர்கள்.

ஆகவே வரிசை இது: முதலில் உருண்டைக்குக் கஸெட். அடுத்து ஸ்பிரிங் உட்காரும் மேடையும் யூ போல்ட்டும். பிறகு ட்ரஸ். கடைசியில் நடுப்பானைக்கு அடியில் பாறையில் இடிபடாமல் இருக்க ஒரு காப்புத் தகடு. ட்ரஸ் முடிகிற இடமும் முக்கியம். திடீரென்று செங்குத்தாக முடிந்தால் அந்த முனையிலேயே அழுத்தம் குவியும். சரிந்து சரிந்து குறைந்து முடிய வேண்டும்.

இனி வெல்டிங். யூடியூபில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில், தீபாவளி மத்தாப்பு மாதிரி வெல்டு செய்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் சூடான உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். மேல்பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் வெல்டு செய்தால் மேல்பக்கம் சுருங்கி இரண்டு முனைகளையும் மேலே இழுக்கும். எடையால் ஹவுசிங் எந்தப் பக்கம் வளையுமோ அதே பக்கம் நீங்களே காசு கொடுத்து வளைத்து வாங்கி வருகிறீர்கள்!

சரியான முறைக்கு நேரம் வேண்டும். ஆக்ஸிலை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். ஆயிலை வடித்து, கிரவுன் செட், ஷாஃப்ட், சீல், பேரிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பெயின்ட், கிரீஸ், துரு போக வெள்ளி மாதிரி தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று செ.மீ. மட்டும் வெல்டு, பிறகு எதிர்ப்பக்கம், பிறகு வேறு மூலை, நடுநடுவே கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறவிடுதல். உள்ளே நேரான தண்டு ஒன்றைப் போட்டு அது தடையின்றிப் போய் வருகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். ஹவுசிங்கின் காற்றுத் துளையை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் கூடி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பழைய மகிந்திரா ஜீப்பில் நடுப்பானை வார்ப்பிரும்பு, குழாய்கள் எஃகு. அந்த இணைப்பில் சாதாரண ராடு வைத்தால் ஆறியதும் ஓரத்தில் முடிபோல் விரிசல் விழும். முன்சூடு கொடுத்து, நிக்கல் ராடு வைத்து, மணலில் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும்.

இந்த வேலையை அறிந்தவர்கள் எங்கே? நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் புதுப்பேட்டை. வண்டியைப் பிரித்துப் பிரித்து வயிறு வளர்த்த பேட்டை அது. எந்த ஹவுசிங் எங்கே வளைந்து வருகிறது, எது எங்கே பிய்ந்து வருகிறது என்று தினமும் கண்ணால் பார்ப்பவர்கள் அங்கே உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளுக்கு ஆக்ஸில் ஹவுசிங் செய்கிற ஆலையே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

பஞ்சம் மரியாதைக்குத்தான். என் வகுப்பில் எட்டாவதோடு ஐ.டி.ஐ. போய் வெல்டர் டிரேடு படித்தவர்கள் உண்டு. அவர்களின் பெற்றோர் என்னிடம் வந்து, "பையன் உருப்படாமல் போய்விட்டான் டீச்சர்" என்று அழுதார்கள். நம் உறவிலேயே ஒரு கல்யாணப் பேச்சு, மாப்பிள்ளை வெல்டர் என்பதால் நின்றது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், எழுத மாட்டேன். அதே உறவினர்கள் இன்று நாற்பதாயிரம் ரூபாய் விளக்குப் பட்டையைப் பேரம் பேசாமல் வாங்குகிறார்கள். வெல்டர் இரண்டு நாள் வேலைக்குக் கூலி கேட்டால், "இதுக்கா இவ்வளவு? மதியத்துக்குள்ள முடிச்சுக் கொடுப்பா" என்கிறார்கள். ஆறவிடுகிற நேரத்துக்கு நீங்கள் காசு கொடுக்க மறுத்தால் அவர் ஆறவிட மாட்டார். வளைந்த ஹவுசிங் உங்களுக்கு வந்து சேரும். பிறகு "வேலை தெரியாதவன்" என்று பெயரும் அவருக்கே. இந்தக் குணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடந்து சுமக்கிற பொருளுக்கும், அதைச் செய்கிற கைக்கும் கிள்ளிக்கூடக் கொடுப்பதில்லை.

இப்போது "எல்லாமே சட்டவிரோதம்" என்ற சித்தப்பாவுக்கு. நீங்கள் சொல்வதில் பாதி சரி, அதை மறைக்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஒன்றுக்கு! தங்கை மகனின் பட்டியலை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் முதலில் இதைத்தான் கிளறுவார்கள்.

ஆனால் "சட்டவிரோதம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் பிள்ளைகள் கேட்கப் போவதில்லை. நமக்குச் சொல்லாமல் செய்வார்கள். சொல்லாமல் செய்வது அவசரமாகத்தான் நடக்கும், அவசரமாக நடப்பது மோசமான வெல்டாகத்தான் இருக்கும். ஏன் கூடாது என்று காரணத்தைச் சொன்னால், ஸ்பேசருக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

என் நிலைப்பாடு இது. அடையாறிலிருந்து தி.நகருக்கு வேலைக்குப் போகிற வண்டி, ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம், வருடத்துக்கு ஒருமுறை மலை. இப்படி ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனி டயர் போதும், ட்ரஸ் தேவையே இல்லை. மெட்ரோ வேலைக்குத் தோண்டிய லஸ்ஸையும் பனகல் பார்க்கையும் கம்பெனி டயரிலேயே கடந்துவிட்டோம். அதைவிடக் கடினமான வழி உங்களுக்கு எங்கே வரப் போகிறது? தனியார் நிலத்தில், போட்டிப் பாதையில், அதற்கென்றே வைத்திருக்கிற வண்டியில் பெரிய டயரோடு பாறை ஏறப் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள். அப்போது ஹவுசிங்கைப் பலப்படுத்துவது உங்கள் விருப்பம் அல்ல, கடமை. அதுவும் டயர் வாங்குவதற்கு முன்பு. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற ஏற்பாடு, பெரிய டயர், பழைய ஹவுசிங், பொதுச் சாலை, குடும்பம். இதுதான் ஆபத்து. இதைத்தான் கடைகள் விற்கின்றன.

நம்பாதவர்கள் கொழுக்குமலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், ஏறத்தாழ 7,900 அடி உயரம். போகிற வழி கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் பழைய மகிந்திரா ஜீப்புகள் தினமும் ஆள் ஏற்றிப் போய் வருகின்றன. நான் போனபோது டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடக்கிற வேகம். ஒவ்வொரு கல்லிலும் சக்கரத்தை ஏற்றி, நிறுத்தி, இறக்கினார். ஒரு இடத்தில்கூட விழவிடவில்லை. அவர் வண்டியில் ஸ்பேசரும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. அந்த ஹவுசிங்கை முதலில் காப்பாற்றுவது அவருடைய வலது கால்தான்.

கட்டை ஆக்ஸில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் வீட்டுப்பாடம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, டார்ச்சோடு அடியில் பாருங்கள்.

ஒன்று, முன் டயர் இரண்டிலும் உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா? எடையால் நடு தொய்ந்து முனைகள் மேலே தூக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். கட்டை ஆக்ஸிலில் இந்தச் சாய்வை அலைன்மென்ட் கடையில் திருக்கிச் சரிசெய்ய முடியாது.

இரண்டு, உருண்டையிலிருந்து கிரீஸும் ஆயிலும் கலந்து கஞ்சி மாதிரி வழிகிறதா? சீல் மாற்றியும் மீண்டும் வழிந்தால் சீலைத் திட்டாதீர்கள். ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, உருண்டை குழாயோடு சேருகிற வெல்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். முடிபோல் ஒரு துருக்கோடு தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நான்கு, ஸ்பிரிங் மேடையும் யூ போல்ட்டும். நகர்ந்த தடம், புதிதாகப் பளபளக்கும் உலோகம் தெரிகிறதா?

தங்கை மகனுக்கு ஒரு வார்த்தை. கண்ணா, டிசம்பர் லீவுக்குக் குழந்தைகளோடு மலைக்குப் போகத் திட்டம் என்று உன் அம்மா சொன்னாள். போய்விட்டு வா. கம்பெனி டயரிலேயே போ. அந்தப் பட்டியலில் ஸ்பேசரை முதலில் அடி. டயரை அடி. மிச்சமாகிற பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, வண்டியை நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, முன் ஆக்ஸிலை இறக்கி, கிங் பின், சீல், பேரிங், வெல்டு எல்லாம் பார்க்கச் சொல். உன் வண்டி வயதான வண்டி. அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடு. இரண்டு நாள் கேட்டால் மூன்று நாள் கொடு. பெரியம்மா சொன்னதற்காகச் செய்ய வேண்டாம். மேலே போட்ட கணக்கில் எந்த வரி தவறு என்று காட்டு, நான் வாயை மூடிக்கொள்கிறேன். காட்ட முடியாவிட்டால் நீ பட்டியலைக் கிழி.

மற்றவர்கள் கமெண்டில் தாராளமாகச் சண்டை போடலாம். ஒரே நிபந்தனை, டார்ச் அடித்து அடியில் பார்த்துவிட்டு, போட்டோவோடு வாருங்கள். வெல்டிங் வேலையில் இருக்கிற என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள். இந்தப் பாடத்தில் நீங்கள்தான் ஆசிரியர்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மயிலாப்பூர்